பத்தாம் திருவிழாப் பெனால்டி

அந்த நாற்காலியில இருக்காதீங்க சாரே, அதுக்க ஒரு கால் ஆடும். டிவியில எவனோ ஒருத்தன் கோலைத் தவற விட்டான்னு இங்க ஒருத்தன் அதுமேல ஏறிக் குதிச்சான். யாருன்னா கேக்குதிய? நீங்க தேடி வந்திருக்கிய இல்லியா, அவனேதான். இந்த ஸ்டூல்ல இருங்க. ஆட்லின், மாமாவுக்க பையைத் தொடாத. அடி வாங்குவ.

சென்னையிலேருந்தா வாறிய? இவ்வளவு தூரம்? தெரியும் சாரே, ஒண்ணும் சொல்ல வேண்டாம். நீங்க சட்டையில குத்தியிருக்கிற கிளப்பு அடையாளத்தைப் பாத்த உடனே எனக்கு விளங்கிப் போச்சு. வீடியோ பாத்திருப்பிய. இந்த நிவால்டோவைச் சேக்கலாமா வேண்டாமா, நேர்ல போய் விசாரிச்சுட்டு வாங்கன்னு உங்களை அனுப்பியிருப்பாவ. நல்ல காரியம்தான். பொண்ணு பாக்கப் போறவங்க அடுத்த வீட்டுல விசாரிக்கிறது உண்டுல்ல. ஆனா இது அடுத்த வீடு இல்லை, சோறு போடுற வீடு. அதனால உள்ளதை உள்ளபடி சொல்லுதேன். நீங்களும் வேண்டாம்னுட்டா அவனுக்கு இந்தியாவுல வேற போக்கிடம் இல்லை, அதுவும் எனக்குத் தெரியும். இந்த மாசத்தோட விசா முடியுது. இருந்தாலும் சொல்லுதேன்.

சேக்காதீங்க.

இருங்க, முதல்ல நான் சொல்லி முடிச்சுக்கிடுதேன். பிறகு நீங்க கேளுங்க.

எனக்குப் பேரு ஜெனோவா. எனக்க மாப்பிள்ளை, இந்த ஆட்லினுக்க அப்பா பெல்லார்மின், ஆழ்கடல் போட்டுல போறவரு. போனா ஒரு மாசத்துக்கு மேல ஆவும் கரைக்கு வர. இப்பவும் கடல்லதான் இருக்காரு. போன வருசம் மீன்பிடித் தடைக்காலத்துல, போட்டுக்க எஞ்சினைச் சரி பண்ணணும்னு கொச்சிக்குப் போனாரு. வரும்போது இஞ்சி, மிளகு, பிள்ளைக்கு ஒரு கவுன் வாங்கிட்டு வாங்கன்னு சொல்லி அனுப்பினேன். திரும்பி வந்தா, இஞ்சியும் இல்லை, மிளகும் இல்லை. பின்னால ஒரு ஆளு நிக்குதான். பனை உயரம். தோள்ல ஒரு மூட்டை அரிசி பிடிக்கிற அளவுக்கு ஒரு பை.

"யாரு இது?"

"பிரேசில்."

"பிரேசிலா? பேரைச் சொல்லுங்க மனுசா."

"நிவால்டோ. ஸ்ட்ரைக்கரு. அங்க ஏழு பேரு ஆடுற ஒரு செவன்ஸ் கிளப்புல சண்டை போட்டுட்டு டீக்கடையில இருந்தான். போறதுக்கு இடம் இல்லைன்னான். நம்ம மிக்கேலார் கோப்பைக்கு ஆகும்னு கூட்டிட்டு வந்தேன்."

பாத்தியளா? தெருவுல கிடந்த பூனைக்குட்டியைத் தூக்கிட்டு வாற மாதிரி. எங்க புன்னைத்துறைக்காரனுக்குப் பந்துன்னா பைத்தியம் சாரே, அதை நான் மறைக்க மாட்டேன். பொறந்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் முன்னாலயே காலைப் பிடிச்சு, இவன் இடதுகாலனா வலதுகாலனான்னு பாப்பாவ. மிக்கேலார் திருவிழா பத்து நாள். பத்தாம் திருவிழா சாயங்காலம் கடற்கரையில ஃபைனல். கோப்பை எங்க கோயிலுக்க பேர்ல, மைதானம் எங்க மைதானம், ஜெயிக்கிறது மட்டும் பக்கத்து ஊரு செம்பாறைக்காரன். வருசா வருசம் நாங்க பந்தல் போட்டுக் கொடுக்க, அவன் வந்து கோப்பையைத் தூக்கிட்டுப் போவான். அதனாலதான் மனுசன் ஆளைக் கூட்டிட்டு வந்தாரு. சரின்னு நானும் உலையில ஒரு பிடி அரிசி கூடப் போட்டேன்.

முதல் நாளே அந்தப் பையைத் திறந்தேன். உள்ள முழுக்க ஜெர்சி. வேர்வை நாத்தம் தாங்க முடியலை. எல்லாத்தையும் சோப்புத் தண்ணியில முக்கித் துவைச்சுக் கொடியில போட்டேன். முற்றம் கொள்ளலை சாரே. கோயில் திருவிழாவுக்குக் கொடி கட்டின மாதிரி ஆயிப்போச்சு. அவன் வந்து ஒவ்வொண்ணா தொட்டுக் காட்டி, போன்ல பேசிப் பேசி, அது தமிழ்ல மாத்தி மாத்திச் சொல்ல, கையையும் காலையும் ஆட்டி, அவனுக்க கதை முழுசையும் எனக்கு அன்னைக்கே சொல்லிட்டான். ஒவ்வொரு ஜெர்சியும் ஒரு சண்டை.

பச்சைக் கலர், அவனுக்க சொந்த ஊர்க் கிளப்பு. அங்க தலைவருக்க மருமகனை விளையாட விட்டுட்டு, இவனை வெளிய பெஞ்சில உக்கார வச்சாவளாம். வாரக்கணக்கா. ஒருநாள் இவன் எழும்பிப் போய் எதிராளிக்க பெஞ்சில உக்காந்துக்கிட்டான். கேட்டா, "சும்மா உக்காருறதுக்கு இந்தப் பெஞ்சு என்ன, அந்தப் பெஞ்சு என்ன"ன்னானாம். இது ஒரு ஆம்பிளை பண்ணுற காரியமா? அனுப்பிட்டாவ.

நீலம், போர்ச்சுகல். அங்க கோச்சு பின்னால வந்து தடுன்னு சொன்னாராம். இவன் எதிராளிக்க கோல் முன்னாலயே இடுப்புல கை வச்சு நின்னிருக்கான். "எனக்கு இந்த வீட்டு விலாசம் மட்டும்தான் தெரியும்"ன்னு சொன்னானாம். ரெண்டு கோல் அடிச்சான், அது வேற விசயம். அனுப்பிட்டாவ.

வெள்ளை, ஏதோ பனி பெய்யுற நாடு, பேரு எனக்கு வாயில நிக்காது. அங்க கோலிக்கு விரல் உடைஞ்சு போச்சாம். மாத்த ஆள் இல்லை, நீயே நில்லுன்னு சொல்லிட்டாவளாம். அவன் அழுதுக்கிட்டு நின்னிருக்கான். இவன் போய் அவனுக்க கையுறையைப் பிடுங்கிப் போட்டுக்கிட்டு, அவனை வெளிய தள்ளிட்டு, தானே கோல்ல நின்னுட்டான். கோல் அடிக்கக் கூலி கொடுத்து வச்ச ஆளு, கோல் தடுக்க நின்னா முதலாளி சும்மா விடுவானா? அதுவும் தடுத்தானா? பந்தெல்லாம் உள்ள. அனுப்பிட்டாவ.

டாக்காவுல தலையில தூக்கி வச்சு ஆடினாவளாம். அங்கயாவது ஒழுங்கா இருந்தானா? மேட்சு நாளா பாத்து முடிவெட்டப் போய், பின்னால ஏதோ கோலம் போடச் சொல்லி, அதுக்கு நேரமாகி, மைதானத்துக்குப் போகும்போது பாதி ஆட்டம் முடிஞ்சு போச்சு. இதுக்கு என்ன சமாதானம் சொல்லுவிய? நான் கேட்டேன், "முடி முக்கியமா, மேட்சு முக்கியமா?" ரொம்ப நேரம் யோசிச்சான் சாரே. அந்த யோசனையைத்தான் என்னால மன்னிக்க முடியலை.

கல்கத்தாவுல இவனுக்க ஆளுகளே செருப்பை எறிஞ்சாவளாம். ஒத்தைச் செருப்பு. இவன் அதைக் கால்ல போட்டுப் பாத்துட்டு, ஜோடியையும் எறின்னு கூட்டத்தைப் பாத்து கை காட்டியிருக்கான். கலவரம். போலீசு வந்து கூட்டிட்டுப் போச்சு.

இப்படிப்பட்ட ஒருத்தன் எனக்க வீட்டுல. நீங்களே சொல்லுங்க.

சாயா குடிக்கிறியளா? இஞ்சி போடட்டா? நான் வேலை செய்துக்கிட்டே சொல்லுதேன், காது கேக்கும்.

ஒன்பது மணிக்கு முன்னால எழும்ப மாட்டான். ஆட்லின் போய் வயித்துல ஏறி மிதிச்சாத்தான் கண்ணைத் திறப்பான். பயிற்சிக்கு வான்னா, "ஓடுறதுக்கு நாய் இருக்கு"ம்பான். முதல்ல மீன் தொடலை. எனக்கு எப்படி இருக்கும்? கடற்கரையில இருந்துக்கிட்டு மீன் வேண்டாம்னு ஒருத்தன். சாளையைக் கண்டாலே முகத்தைத் திருப்புவான். ஒருநாள் வேற ஒண்ணும் இல்லை, மரச்சீனிக் கிழங்கை அவிச்சு, காந்தாரி மிளகாய் உடைச்சு வச்சேன். கையில எடுத்தான், மோந்து பாத்தான், பிறகு அந்தப் பக்கமா திரும்பிக்கிட்டான். தோள் ரெண்டும் ஆடுது. அவனுக்க ஊர்லயும் அதுதான் சாப்பாடாம். அவனுக்க அம்மை இடிச்சு மாவாக்கி வறுப்பாளாம். அதுக்குப் பிறகு இந்த ஊர்ல மரச்சீனி விலை ஏறினதுக்கு அவன்தான் காரணம்.

என்னை என்னன்னு கூப்பிடுவான் தெரியுமா? மயினி. எங்க பக்கம் அண்ணன் பெஞ்சாதியை அப்படித்தான் கூப்பிடுவாவ. எனக்க கொழுந்தன் டைட்டஸ், மாப்பிள்ளைக்குத் தம்பி, என்னை மயினி மயினின்னு கூப்பிடுறதைக் கேட்டு அதுதான் எனக்குப் பேருன்னு நினைச்சிருப்பான். பிறகு அர்த்தம் சொல்லிக் கொடுத்தும் மாத்தலை. என்னைவிட ஆறேழு வயசு மூத்தவன். வெக்கமா இல்லியான்னு கேட்டா பல்லைக் காட்டுவான்.

சரி, வீடியோவுக்கு வாறேன். அதுதானே உங்களுக்கு வேணும்.

இல்லை சாரே, இருங்க. நீங்க என்ன கேக்க வாறியன்னு தெரியும். அதைத்தான் சொல்லப் போறேன்.

போன வருசம் திருவிழா எங்க குடும்பம் எடுத்தது. திருவிழா எடுக்குறதுன்னா விளங்குமா? ஒவ்வொரு வருசமும் ஒரு வீடு. பந்தல் அந்த வீடு, மேளம் அந்த வீடு, சப்பரத்துக்குப் பூவு அந்த வீடு, வாற போறவங்களுக்கெல்லாம் சோறு அந்த வீடு. எடுப்பு வீடுன்னு சொல்லுவோம். பத்து நாளும் எனக்கு அடுப்படியிலேருந்து தலை தூக்க நேரம் இல்லை. அதெல்லாம் சந்தோசமாத்தான் செய்யிறது. மிக்கேலாருக்குச் செய்யிறோம். பதிலுக்கு ஊரு எங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதான் தரும். பத்தாம் திருவிழா ஃபைனல்ல நம்ம பக்கத்துக்குப் பெனால்டி கிடைச்சா, அதை எடுப்பு வீட்டுப் பையன் அடிக்கணும்.

ஏன் அப்படிப் பாக்குதிய?

உங்க ஊர்ல அப்படி இல்லியா? அப்போ பெனால்டியை யாரு அடிப்பா? நல்லா அடிக்கிறவனா? அதெப்படி சாரே, நல்லா அடிக்கிறவனுக்குத்தான் மற்ற பந்தெல்லாம் இருக்கே. பிறகு திருவிழா எடுத்தவனுக்கு என்ன மிச்சம்? உலகம் பூராவும் அப்படியா? நீங்க தப்பாச் சொல்லுதிய. பந்து இந்தக் கரைக்கு வந்த நாள்லேருந்து இப்படித்தான்.

எல்லா வருசமும் பெனால்டி கிடைக்குமா? கிடைக்காது. எடுப்பு வீட்டுக்காரன் பந்தலுக்குக் கீழ நின்னு, எங்க ஆளு எவனாவது கோல் முன்னால விழுவானா விழுவானான்னு பாத்துப் பாத்து, கடைசியில வெறுங்கையோட வீட்டுக்குப் போவான். எனக்க மாமனாரு ஒருதரம் எடுத்தாரு, கிடைக்கலை. அதை நினைச்சுக்கிட்டேதான் செத்தாரு. அதனால டைட்டஸ் அன்னைக்குக் காலையில பாவசங்கீர்த்தனம் செய்து, பூசையில நன்மை எடுத்து, புது ஜெர்சி போட்டுக்கிட்டு இறங்கினான். அவன் ரைட் பேக். கெட்டியான ஆளு, ஆனா காலு துடுப்பு மாதிரி. பந்து எந்தப் பக்கம் போகும்னு பந்துக்கே தெரியாது.

ஆட்டம் ஒண்ணுக்கு ஒண்ணு. எங்களுக்க ஒண்ணை அடிச்சது நிவால்டோ. முடியப் போற நேரம். இவன் பந்தோட உள்ள நுழையிறான், ஒருத்தனைத் தாண்டுதான், ரெண்டாவது ஆளைத் தாண்டுதான், மூணாவது ஆளு கணுக்காலைப் பாத்து வெட்டினான் பாருங்க, அந்தச் சத்தம் பந்தல் வரைக்கும் கேட்டது. விசில். பெனால்டி!

எனக்க மாப்பிள்ளை பந்தல் கால்ல ஏறிட்டாரு. பங்குச் சாமியாரே மைக்கில கூவிட்டாரு. நான் ஆட்லினைத் தூக்கிக் கீழ போடப் பாத்தேன்.

இவன் எழும்பினான். நொண்டுதான். பந்தை எடுத்து, முத்தம் வச்சு, புள்ளியில வைக்குதான். டைட்டஸ் பக்கத்துல போய் நின்னான். இவன் சிரிச்சுக்கிட்டே அவன் தலையில தட்டி, போன்னு அனுப்பினான். டைட்டஸ் போகலை. பந்தைத் தொட்டான். இவன் கையைத் தட்டி விட்டான். கேப்டன் போனான். பத்து பேரு போனாவ. எல்லாரும் தமிழ்ல கத்த, இவன் அவனுக்க பாசையில கத்த, ரெஃபரி வெளியூர்க்காரரு, அவருக்கும் ஒண்ணும் விளங்காம சாமியாரைப் பாக்க, சாமியாரு மைக்கில சொல்லுதாரு, "நிவால்டோ, பந்தை எடுப்பு வீட்டாரிடம் ஒப்படைக்கவும். நிவால்டோ, உடனடியாக ஒப்படைக்கவும்." காணாமப் போன பிள்ளையை அறிவிக்கிற மாதிரி.

இவன் என்ன பண்ணினான்? பந்து மேல உக்காந்துட்டான். கையைக் கட்டிக்கிட்டு. இதுதானே உங்க வீடியோ? எவனோ செம்பாறைக்காரன் எடுத்தது. அதுல எங்க ஆளுக இவன் காலைப் பிடிச்சு இழுக்கிறதும் இருக்கா? இருக்கும்.

கடைசியில நான்தான் இறங்கிப் போனேன். எங்க ஊர்ல மைதானத்துல பொம்பளை கால் வச்சது அன்னைக்குத்தான். பிள்ளை இடுப்புல. அவன் முன்னால போய் நின்னு கையை நீட்டினேன். "கொண்டா"ன்னேன். அவ்வளவுதான். தினமும் சாப்பிட்டு முடிச்ச தட்டை வாங்கும்போது அப்படித்தான் சொல்லுவேன், அது அவனுக்குத் தெரியும். என்னைப் பாத்தான். பிள்ளையைப் பாத்தான். எழும்பிப் பந்தை எடுத்து எனக்க கையில வச்சான். டைட்டஸ் கையில கொடுக்கலை பாத்தியளா, எனக்க கையில. பிறகு ஜெர்சியைக் கழத்தி ஆட்லினுக்க தலையில போட்டுட்டு, வெறும் உடம்போட, நொண்டி நொண்டி, கடல் ஓரமா நடந்து போயிட்டான். திரும்பியே பாக்கலை.

டைட்டஸ் அடிச்சான். நேரா கோலிக்க கைக்கு. இந்தாங்க, வச்சுக்கிடுங்கன்னு கொடுத்த மாதிரி. அந்தப் பந்தைக் கோலி நீட்டி எறிய, செம்பாறைக்காரன் போய் எங்க வலையில போட, முடிஞ்சு போச்சு. கோப்பை போச்சு.

இப்போ சொல்லுங்க, இது யாருக்க தப்பு? முகம் கறுத்துக் கொடுத்த பொருள் விளங்குமா? சிரிச்ச முகமா டைட்டஸ் தோள்ல கை போட்டு, அடி தம்பின்னு கொடுத்திருந்தா, அது உள்ள போயிருக்கும். நான் எத்தனையோ தரம் யோசிச்சுப் பாத்துட்டேன். அந்த முகம்தான் காரணம்.

என்ன? அவனுக்கு யாராவது சொன்னாவளான்னா கேக்குதிய?

இதைச் சொல்லணுமா சாரே? மழை பெய்தா நனைவோம்னு யாராவது சொல்லுவாவளா? நான் சொல்லியிருப்பேன்னு மாப்பிள்ளை இருந்திருக்காரு. சாமியாரு சொல்லியிருப்பாருன்னு நான் இருந்தேன். சாமியாரு, ஒரே வீட்டுல கிடக்கான், டைட்டஸ் சொல்லியிருப்பான்னு. டைட்டஸுக்கு என்ன பாசை தெரியும்? சரி, நாங்கதான் சொல்லலை, அவன் கேக்கலாம்ல? பத்து நாளும் எனக்கு அடுப்படியில தேங்காய் திருவிக் கொடுத்தவன் அவன்தான். பெரிய பெரிய சட்டியெல்லாம் அவன்தான் இறக்கி வச்சான். அப்போ ஒரு வார்த்தை, மயினி, பத்தாம் திருவிழாவுக்குப் பெனால்டி யாரு அடிக்கணும்னு கேட்டா வாயா வலிக்கும்? விருந்தாளி வந்த இடத்துல நாலு காரியம் கேட்டுத் தெரிஞ்சுக்கிட வேண்டாமா?

சிரிக்காதீங்க. எனக்கு ஆத்திரமா வருது.

மறுநாள் மத்தியானம் அடுக்களை வாசல்ல வந்து நின்னான். கணுக்காலு பலாக்காய் மாதிரி வீங்கிக் கிடக்கு. மரச்சீனியை வச்சேன், காலுக்குப் பத்துப் போட்டேன். அதுக்குள்ள வீடியோ உலகம் சுத்திடுச்சு. கோவாவுல ஒரு கிளப்பு அவனைக் கூப்பிட்டிருந்தது, அதைப் பாத்துட்டு இனி வராதன்னுட்டாவ. முன்னால கூப்பிட்ட கிளப்புக்காரனெல்லாம் இவன் வேண்டாம்னுட்டான். அவனுக்கென்ன, உக்காந்துட்டுப் போயிட்டான். ஊரு யாரைப் பிடிச்சது? எங்களை. மீன் ஏலத்துக்குப் போனா, "என்ன ஜெனோவா, உனக்க பிரேசில் கோழி அடையிலேருந்து எழும்பிட்டா? முட்டை பொரிஞ்சுதா?" அங்க நிக்கிற பொம்பளையெல்லாம் கொக்கரிக்கிறாளுவ. நானும் சிரிச்சுக்கிட்டுத்தான் வருவேன். வீட்டுக்கு வந்துதான் பாத்திரத்தைப் போட்டு உடைப்பேன்.

டைட்டஸ் வெளிய இறங்கவே இல்லை. பந்தைக் கண்டா உள்ள போய்க் கதவைச் சாத்துவான். மாப்பிள்ளை பாத்தாரு. நேரா கோயில் பங்குப் பேரவைக் கூட்டத்துக்குப் போனாரு. எழும்பி நின்னாரு. "அடுத்த வருசமும் திருவிழாவை நாங்களே எடுக்கோம்"னு சொல்லிட்டு வந்துட்டாரு. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாரா? அந்தச் செலவுக்காகத்தான் இப்போ விடாம கடல்ல கிடக்காரு. இன்னும் கொஞ்ச நாள்ல கொடியேத்து.

இவனாவது சும்மா இருக்கலாம்ல? சுத்துவட்டாரத்துல யாராவது கூப்பிட்டா போய் ஆடுதான், மிச்ச நேரமெல்லாம் எங்களைக் கேலி பண்ணுறதுதான் வேலை. விளங்கலியா? தினமும் சாயங்காலம் டைட்டஸைக் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு மைதானத்துக்குப் போறான். அதே கோலு. அதே புள்ளி. இவன் கோல்ல நின்னுக்கிட்டு, டைட்டஸை அடி அடின்னு சொல்லுதான். ஊரே பாத்துக்கிட்டு இருக்க. புண்ணுல உப்பைப் போடுற வேலை இது. "தி நோவு, தி நோவு"ன்னு கத்துவான். திரும்பவும்னு அர்த்தமாம். மண்ணுல கோடு போட்டு, காலை இங்க வை, தோளை இப்படித் திருப்பு, கோலியைப் பாக்காதன்னு. மழை பெய்தாலும் விடுறதில்லை. இப்போ டைட்டஸ் அடிச்சா மூலையில போய்ச் சொருகுது, அது வேற விசயம். சொருகினா என்ன சாரே? தினம் தினம் ஊரு முன்னால வச்சு அவமானப்படுத்துறது அவமானம்தானே? அந்த முட்டாள் டைட்டஸுக்கு அதுகூட விளங்கலை. சிரிச்சுக்கிட்டே வாறான்.

அதனாலதான் சொல்லுதேன், சேக்காதீங்க. கோவக்காரன். அடங்காதவன். உங்க கோச்சு ஒண்ணு சொல்லுவாரு, இவன் பந்து மேல உக்காருவான். இங்கயே கிடக்கட்டும். திருவிழா முடிஞ்ச பிறகு அவனுக்க ஊருக்கே போகட்டும். உங்களுக்கு நல்ல பையன்கள் எத்தனை பேரு கிடைப்பாங்க.

இப்போ நீங்க கேளுங்க. நான் முடிச்சுட்டேன்.

...

என்ன சொன்னிய?

நீங்க விசாரிக்க வரலியா? அப்போ... அவன்கிட்ட ஏற்கெனவே பேசியாச்சா? எப்போ? ஏன் என்கிட்ட சொல்லலை அவன்?

வரமாட்டேன்னா சொன்னான்? கிறுக்குப் பிடிச்சிருக்கா அவனுக்கு? என்ன காரணம் சொன்னான்?

பத்தாம் திருவிழாவா?

அன்னைக்கு உங்களுக்கு மேட்சு இருக்குன்னு சொன்னியளா? ஒருநாள் விட முடியாதுன்னு சொன்னியளா? சொல்லியும்... பெனால்டி வாங்கித் தரணும்னா? அப்படியேவா சொன்னான்? 'டைட்டஸுக்குப் பெனால்டி வாங்கித் தரணும், அதுக்கு யாராவது போய் விழணும், இந்த ஊர்ல ஒழுங்கா விழத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்.' இதைத்தான் உங்ககிட்ட போன்ல சொன்னானா?

இருங்க சாரே. சாயா பொங்குது.

...

பிறகு என்ன சொன்னான்? மயினி போகச் சொன்னா வாறேன்னா? என்கிட்டக் கேளுங்கன்னா உங்களை இங்க அனுப்பினான்? இதைச் சொல்லத்தான் வந்ததுலேருந்து வாயைத் திறந்து திறந்து மூடுனியளா? நான்தான் விடலையோ. நீங்களாவது கொஞ்சம் சத்தமாப் பேசியிருக்கலாம்ல.

நான் போகச் சொல்லலைன்னா? விசா முடிஞ்சு, திருவிழா முடிஞ்ச கையோட விமானம். அவன் வயசுக்கு அங்க போனா ஒரு கிளப்பும் சேக்காது, அப்படித்தானே? நீங்க சொல்ல வேண்டாம். உங்க முகத்துல இருக்கு.

பாத்தியளா, இதுதான் அவன். இப்படித்தான் எல்லா இடத்துலயும் கெட்டுப்போனான். எவனுக்கோ விரல் உடைஞ்சா இவன் போய்க் கையுறையை மாட்டுவான். எவனுக்கோ பெனால்டி வேணும்னா இவன் போய் விழுவான். அவனுக்கு ஒரு காரியம் ஆகணும்னா மட்டும் முடிவெட்டப் போயிருவான். அறிவு இருக்கா? யாரு கேட்டா அவன்கிட்ட? நான் கேட்டேனா?

எனக்க மாப்பிள்ளை இதுக்காகத்தான் கடல்ல கிடக்காரு. டைட்டஸ் இப்போதான் வெளிய வந்திருக்கான்.

...

சரி. எழுதுங்க. கூட்டிட்டுப் போங்க.

நான் முதல்ல சொன்னதா? சொன்னதெல்லாம் உள்ளதுதான், ஒண்ணையும் மாத்தலை. கோவக்காரன்தான். கோவம் இல்லாதவன் கோல் அடிப்பானா? போர்ச்சுகல்ல ரெண்டு கோல் அடிச்சான்னு சொன்னேனே, அதை எழுதினியளா? அடங்காதவன்தான், ஆனா பந்தை நேரா வந்து கேட்டா கொடுத்துருவான். உங்க கோச்சுக்கிட்டச் சொல்லுங்க, தூரத்துலேருந்து மைக்கில கத்தக் கூடாது, பக்கத்துல போய்க் கையை நீட்டணும். மேட்சு நாள் காலையில முடிவெட்டப் போக விடக் கூடாது, பூட்டி வைங்க. மீனு கொடுத்துப் பழக்கியாச்சு, சாளை மட்டும் தொட மாட்டான்.

எங்க பெனால்டியா? கிடைச்சா கிடைக்கும். எங்க ஆளுகளும் விழுவாவ, தடுக்கி விழுந்தாவது விழுவாவ. எனக்க மாமனாருக்குக் கிடைக்கலை, செத்தா போனாரு? செத்துத்தான் போனாரு, அது வயசாகி. மாப்பிள்ளைகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். கத்துவாரு. கத்தட்டும்.

நான் போகச் சொன்னாத்தானே வருவான்? சொல்லுதேன். ஊருக்கு வேற ஸ்ட்ரைக்கரு கிடைச்சாச்சு, கானா நாட்டுக்காரன், உன்னைவிட இளசு, நீ வேண்டாம், போன்னு சொல்லுதேன். பொய்தான். பின்ன உண்மையைச் சொன்னா போவானா?

ஆனா சாரே, அதை எப்படிச் சொல்ல? எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உள்ள பாசையில வா, இரு, தின்னு, கொண்டா, வலிக்குதா, இவ்வளவுதான் இருக்கு. வேண்டாம்னு நான் சொன்னா, சோறு மிச்சம் வந்துட்டுன்னு நினைச்சுத் தட்டைத் தூக்கிட்டு வந்து நிப்பான். வேண்டாம்னு அவன் சொல்லித்தான் பழக்கம், நான் சொன்னதில்லை. போன்ல பேசி மாத்திக் காட்டினா நம்ப மாட்டான், அது தப்புத் தப்பாச் சொல்லும்னு அவனுக்குத் தெரியும். எனக்க வாயால சொல்லணும்.

நீங்க நிறைய பிரேசில்காரங்களைப் பாத்திருப்பிய. நீ எங்களுக்கு வேண்டாம், போ. இதுக்கு அவன் பாசையில என்ன? தெரியுமா? அப்போ சீக்கிரம் சொல்லித் தாங்க. மைதானத்துல பந்துச் சத்தம் நின்னுட்டு, அவனும் டைட்டஸும் வாறாவ. மெதுவா, ஒவ்வொரு எழுத்தாச் சொல்லுங்க. முகத்தைப் பாத்து ஒரே தடவையில சொல்லி முடிக்கணும். ரெண்டாம் தடவை எனக்கு வராது.